கையெழுத்து யாருடையது?
சிறுநகர மன்றமும் மேயரும் ஆளும் விதம் குறித்து



ஜவ்வாது மலையில் கூடிக்கொண்டு மேயரைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இந்த மலையில் மேயர் கிடையாது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எதுவும் கிடையாது. ஜமுனாமரத்தூர் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். அதன் கீழ் 11 ஊராட்சிகள். அப்படியிருக்க, நினைவுநாள் உரைக்கு இந்தத் தலைப்பு ஏன்?

மலையை விட்டு இறங்கும் நம் மக்கள் போய்ச் சேரும் இடங்கள் நகரங்கள்தாம். ஆட்சியர் அலுவலகம், அரசு மருத்துவமனை, கல்லூரி, கட்டடவேலை எல்லாம் கீழே இருக்கின்றன. வேலூர் 2008 இல் மாநகராட்சியானது. நம் மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலை 2024 ஆகஸ்டில் மாநகராட்சியானது. அதே வேளையில் நாமக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி ஆகியவையும் உயர்த்தப்பட்டன. 39 வார்டுகள் கொண்ட நகராட்சி மன்றத்தின் தலைவர் ஒரே நாளில் மேயரானார். சுற்றுவட்டார ஊராட்சிகள் நகர எல்லைக்குள் வருகின்றன. அந்த ஊராட்சிகளின் ஓரத்தில் இருக்கும் காலனிகளும் சேர்ந்தே வருகின்றன. இதில் நாம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்று கணக்குப் பார்க்க, அந்த மன்றம் எப்படி ஆள்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

இந்த உரை முழுவதும் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வோம்: கடைசிக் கையெழுத்தை யார் போடுகிறார்கள்?

மன்றம் எப்படி உருவாகிறது?

1993 ஜூன் 1 இல் நடைமுறைக்கு வந்த 74 ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிக்கு அரசியல் சட்டத் தகுதி கொடுத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், மக்கள்தொகை விகிதத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடங்கள், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் ஆகியவற்றை அது உறுதிசெய்தது. தமிழ்நாடு 2016 இல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணை பட்டியலிடுகிறது. நகரமைப்பு, குடிநீர், துப்புரவு, சாலை, குடிசைப் பகுதி மேம்பாடு, சுடுகாடு வரை அதில் உண்டு. ஆனால் அவற்றை ஒப்படைப்பதா, எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கே அது விட்டுவிட்டது. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று மூன்று படிகள். முன்பு சென்னைக்கு 1919 ஆம் ஆண்டுச் சட்டம், நகராட்சிகளுக்கு 1920 ஆம் ஆண்டுச் சட்டம், மதுரைக்கும் கோவைக்கும் தனித்தனிச் சட்டம் என்று இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி 1998 இல் இயற்றிய நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2000 இல் நிறுத்தி வைக்கப்பட்டு, 2023 ஏப்ரலில்தான் உயிர் பெற்றது. மக்களின் அன்றாடத்தைத் தீர்மானிக்கும் சட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் கிடந்தது. யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

வார்டு உறுப்பினரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேயரை? இங்கே அரசுகள் ஊஞ்சலாடியிருக்கின்றன. 1996 இலும் 2001 இலும் மக்களே மேயருக்கு வாக்களித்தார்கள். 2006 இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011 இல் மறுபடியும் மக்கள். அதன்பின் சட்டம் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டு, 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டம் கவுன்சிலர்களிடமே உரிமையைக் கொடுத்தது. 2022 பிப்ரவரி 19 இல் 21 மாநகராட்சிகளுக்கும் 138 நகராட்சிகளுக்கும் 490 பேரூராட்சிகளுக்கும் தேர்தல் நடந்தது. மார்ச் 4 இல் கவுன்சிலர்கள் கூடி மேயர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த வேறுபாடு சிறியதன்று. மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் மக்களுக்குப் பதில் சொல்வார். கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த மேயர் கவுன்சிலர்களுக்கும், அவர்களுக்குச் சீட்டு கொடுத்த கட்சிக்கும் பதில் சொல்வார். 2024 ஜூலையில் கோயம்புத்தூர், திருநெல்வேலி மேயர்கள் இருவரும் பதவி விலகினார்கள். அடுத்த மாதமே அதே மன்றங்கள் வேறு மேயர்களைத் தேர்ந்தெடுத்தன. அந்த இரு நகரங்களின் வாக்காளர்களுக்கு இடையில் ஒரு வேலையும் இருக்கவில்லை.

மன்றமே இல்லாத காலங்களையும் நாம் மறக்கக் கூடாது. 1973 இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு 1996 வரை தேர்தல் இல்லை. 2016 இல் நடக்க வேண்டிய நகர உள்ளாட்சித் தேர்தல் 2022 இல்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். குப்பை அள்ளப்பட்டது, வரி வசூலானது, டெண்டர் விடப்பட்டது. மக்கள் பிரதிநிதி இல்லாமலே இயந்திரம் ஓடும் என்றால், அதன் சாவி வேறு யாரிடமோ இருக்கிறது என்றுதானே பொருள்?

ஒரு மன்றக் கூட்டத்தின் உள்ளே

அந்தச் சாவியைத் தேட மன்றக் கூட்டத்துக்குள் போவோம். கூட்டம் வழக்கமாக மாதம் ஒருமுறை நடக்கும். மேயர் தலைமை தாங்குவார். மேசைமேல் மன்றப் பொருள் புத்தகம் இருக்கும். அதைத்தான் அஜெண்டா என்கிறோம். ஒவ்வொரு பொருளும் பழகிப்போன ஒரு வாசகத்தோடு முடியும். ‘மன்றத்தின் அனுமதிக்கு’ என்றால் இனிமேல் செய்யப்போவது. ‘மன்றத்தின் பார்வைக்கும் பதிவுக்கும்’ என்றால் முடிந்துபோனது. ‘மேயரின் முன் அனுமதி பெற்றுச் செய்த பணிக்கு மன்றத்தின் ஒப்புதல்’ என்றால் அவசரம் என்று சொல்லி வேலையை ஆரம்பித்தாகிவிட்டது. புத்தகம் தடிமனாக இருக்கும். கவுன்சிலர் கைக்குத் தாமதமாக வரும். கூட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் ‘ஆல் பாஸ்’ என்ற குரல் எழும். பல லட்சம் ரூபாய்க்கான பொருள்கள் மேசையைத் தட்டும் ஓசையில் நிறைவேறிவிடும்.

அந்தப் புத்தகத்தைத் தயாரிப்பது ஆணையரின் அலுவலகம். ஆணையர் மாநில அரசு நியமிக்கும் அதிகாரி. தீர்மானத்தைச் செயல்படுத்துவது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது, ஊழியர்களை வேலை வாங்குவது, கட்டட அனுமதி கொடுப்பது எல்லாம் அவரது நிர்வாக அதிகாரத்துக்குள் வரும். மேயருக்குத் தலைமை தாங்கும் உரிமையும், கோப்புகளைக் கேட்டுப் பார்க்கும் உரிமையும், விளக்கம் கேட்கும் உரிமையும் உண்டு. ஆணையரை மாற்றும் உரிமை கிடையாது. மன்றம் போடும் தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் மாநில அரசால் முடியும். அரசு போடும் ஆணையை மன்றம் ரத்து செய்ய முடியாது.

பணத்தின் வழியும் இதேதான். சொத்துவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை ஆகியவை சொந்த வருவாய். ஒரு சிறு நகரத்துக்கு அது சம்பளத்துக்கும் மின் கட்டணத்துக்கும் கரைந்துபோகும். மீதிக்கு மாநில நிதி ஆணையப் பங்கையும், மத்திய நிதி ஆணைய மானியத்தையும், திட்டங்களின் பெயரில் வரும் ஒதுக்கீட்டையும் எதிர்பார்த்து நிற்க வேண்டும். எந்தத் திட்டப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பது சென்னையிலும் டெல்லியிலும் முன்பே எழுதப்பட்டுவிடும். பெரிய குடிநீர்த் திட்டத்துக்குக் குடிநீர் வடிகால் வாரியம், மின்கம்பத்துக்கு மின்வாரியம், குடிசைப் பகுதிக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். காவல்துறை எக்காலத்திலும் மேயரின் கீழ் இல்லை.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989 முதல் குடியிருப்புப் பகுதி மக்களைக் கூட்டி, நகர முதலீட்டுப் பணத்தில் எது முதலில் என்று அவர்களையே முடிவுசெய்ய வைத்தது. பக்கத்துக் கேரளம் 1996 இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளிடம் கொடுக்க முன்வந்தது. குறைகள் அங்கும் உண்டு. ஆனால் எதற்குச் செலவிடுவது என்ற முடிவை ஓரளவாவது கீழே இறக்க முடியும் என்பதற்கு அவை சாட்சி.

நாற்காலி வந்தது, கோப்பு?

இனி நம் கணக்கு. நகர மன்றத்தில் நம்மவர் இருப்பது நேற்று தொடங்கியதன்று. ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937 இல் சென்னையின் முதல் தலித் மேயரானார்; பின்னாளில் சட்டமன்றத் தலைவரானார். என். சிவராஜ் 1945 இல் சென்னை மேயரானார். பிறகு இந்தியக் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்தார். 2022 இல் சென்னையும் தாம்பரமும் பட்டியல் சாதிப் பெண்களுக்கும், ஆவடி பட்டியல் சாதிப் பொதுப் பிரிவுக்கும் ஒதுக்கப்பட்டன. சென்னைக்கு ஆர். பிரியா முதல் தலித் பெண் மேயரானார். இதைச் சாதாரணமாகக் கடந்துபோக நாம் தயாராயில்லை. அந்த நாற்காலிக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டின் போராட்டம் இருக்கிறது.

அதே சென்னையில் 2025 ஆகஸ்ட் 1 முதல் 13 நாட்கள் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் அமர்ந்தார்கள். 5, 6 ஆகிய மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாரிடம் கொடுக்கப்பட்டதை எதிர்த்து, பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். 13 ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. மாளிகைக்குள் மேயர் நாற்காலியில் ஒரு தலித் பெண், வாசலில் தலித் பெண்கள். இந்தக் காட்சியை வைத்து ஒரு தனிமனிதரைத் திட்டித் தீர்ப்பது சுலபம். நாம் கேட்க வேண்டியது அமைப்பைப் பற்றிய கேள்வி. துப்புரவைத் தனியாருக்கு விடுவது ஒரு நகரத்தின் விருப்பமாக மட்டும் நிகழ்ந்ததா? 2022 இல் வந்த அரசாணை 152 மற்ற மாநகராட்சிகளின் பணியிடங்களைத் திருத்தியமைத்து, அடிநிலைப் பணிகளை வெளிமுகமைக்குத் திருப்பியது. கொள்கை மேலே எழுதப்பட்டது. கீழே மன்றங்களுக்கு மிஞ்சியது ஒப்புதல்.

ஒப்புதல் கொடுத்தவர்களுக்கும் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. கையால் மலம் அள்ளுவதையும், பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதையும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. துப்புரவு ஒப்பந்தம் அஜெண்டாவில் வரும்போது, எந்திரம் யாருடையது, சேமநல நிதி யார் கட்டுவது, விபத்துக்கு யார் பொறுப்பு என்று எழுந்து கேட்கக் கவுன்சிலருக்கு உரிமை இருக்கிறது. அவரே மன்றத்துக்கு வராமல் கணவரோ கட்சிப் பிரமுகரோ அவருக்குப் பதிலாக வார்டை நடத்தினால் அந்த உரிமை வீணாகும். ‘ஆல் பாஸ்’ என்ற குரலில் நம் கவுன்சிலரின் குரலும் கலந்தால், அந்த ஒப்பந்தத்தில் நம் பெயரும் சேர்ந்துவிடுகிறது.

ஊராட்சியில் ஏன் இரத்தம் சிந்துகிறது?

ஒரு விந்தையைக் கவனியுங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இன்படி ஊராட்சித் தலைவரே நிர்வாக அதிகாரி. ஊராட்சிப் பணத்துக்கான காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு சிற்றூரின் தலைவருக்குச் சட்டம் கொடுத்த இந்த நிர்வாக அதிகாரம் ஒரு மாநகரத்தின் மேயருக்குக் கிடையாது.

மேலவளவு ஏன் நிகழ்ந்தது என்பது இதிலிருந்து தெரியும். தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்ட மேலவளவில் தலைவரான முருகேசனும் அவரோடு மற்றவர்களும் 1997 ஜூன் 30 இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தலை முறையாக நடக்கவிடாமல் செய்து, 2006 இல்தான் அது நடந்தது. கையெழுத்து இருக்கும் நாற்காலியில் நம்மவர் உட்காருவதைச் சாதி பொறுத்துக்கொள்வதில்லை. உட்கார்ந்துவிட்டாலோ, துணைத் தலைவர் கையெழுத்திட மறுத்து ஊராட்சியை முடக்கிவைக்கும் தந்திரம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஒன்று.

நம் மலைத்தொடரிலேயே இன்னும் கடினமான ஒரு நிகழ்வு உண்டு. திருப்பத்தூர் மாவட்டம் மாதனூர் ஒன்றியத்தின் நாயக்கனேரி மலை ஊராட்சித் தலைவர் பதவி 2021 தேர்தலில் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஒரே ஒரு தலித் பெண் மனுத்தாக்கல் செய்து போட்டியின்றித் தேர்வானார். மலைவாழ் மக்கள் பெரும்பான்மையாக உள்ள ஊராட்சி அது. அவர்கள் எதிர்த்தார்கள், தேர்தலைப் புறக்கணித்தார்கள், வழக்கு நீதிமன்றம் போனது, பதவியேற்பு நின்றது. இங்கே எதிர்த்து நின்றவர்கள் ஆதிக்க சாதியினர் அல்லர். நம்மைப் போலவே ஒதுக்கப்பட்ட பழங்குடியினர். தேர்வானவரின் உரிமை உண்மையானது; அதை விட்டுக்கொடுக்க முடியாது. தங்கள் மலையில் தங்கள் குரல் ஒலிக்க வேண்டும் என்ற பழங்குடியினரின் கவலையும் உண்மையானது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி அறிவிக்கப்படவே இல்லை. அதனால் பழங்குடிப் பகுதிகளுக்கான 1996 ஆம் ஆண்டு ஊராட்சி விரிவாக்கச் சட்டம் இந்த மலைக்குப் பொருந்தாது. அந்தப் பாதுகாப்பைக் கொடுக்காத அரசு, ஒற்றை நாற்காலியைக் காட்டி ஒடுக்கப்பட்ட இரு மக்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. நம் இரு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டியது முதலில் இதைப் பற்றித்தான்.

நகரோடு சேரும்போது

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஊராட்சி மாநகராட்சியோடு இணையும்போது கிராம சபை மறைகிறது. ஆண்டுக்கு ஆறு நாள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கூடி, கணக்கைக் கேட்கும் உரிமை போகிறது. ஊரக வேலைத் திட்டம் நகர எல்லைக்குள் வராது. அதை நம்பிய பெண்களின் கூலி போகிறது. சொத்துவரி நகரக் கணக்கில் வருகிறது. தலைவரிடம் இருந்த கையெழுத்து ஆணையரிடம் போகிறது.

கிராமத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கிராமத்தைப் புனிதமாக்கும் பேச்சை 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் உடைத்தார். நகரத்தில் சாதியின் பிடி கொஞ்சம் தளரும் என்ற நம்பிக்கையும் நமக்கு உண்டு. நம் கேள்வி வேறு. ஊரைவிட்டு நகரத்துக்குப் போகும்போது, ஊரில் இரத்தம் கொடுத்து வாங்கிய அதிகாரத்தை எல்லையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டுமா? கிராம சபைக்கு ஈடாக நகரத்தில் வார்டு குழுவையும் பகுதி சபையையும் அமைக்கும் விதிகள் 2022 இல் வந்தன. அவை நம் காலனிகளில் கூடுகின்றனவா, அங்கே சொன்னது மன்றப் பொருளாக மாறுகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

மகாத் சொன்ன பாடம்

ஒரு நகராட்சித் தீர்மானத்தின் வலிமையும் வலிமையின்மையும் நம் இயக்க வரலாற்றின் நடுவிலேயே இருக்கிறது. பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதாருக்குத் திறந்தவை என்று எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை 1923 இல் பம்பாய்ச் சட்டமன்றம் ஏற்றது. அதையொட்டி மகாத் நகராட்சி 1924 இல் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. மூன்றாண்டுகள் ஒருவரும் அந்தத் தண்ணீரைத் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20 இல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் நடந்துபோய்க் குடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வர 1937 ஆனது. சென்னையில் ரெட்டைமலை சீனிவாசன் 1924 இல் பொதுவழி, பொதுக் கிணறு உரிமைக்காகச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானமும் இதே காலத்தது.

தீர்மானம் இல்லாமல் போயிருந்தால் மகாத் மக்கள் சட்டத்தின் பெயரால் நடந்திருக்க முடியாது. மக்கள் நடக்காமல் போயிருந்தால் தீர்மானம் பதிவேட்டிலேயே மக்கியிருக்கும். மன்றத்துக்குள் நம்மவர் ஒருவர், மன்றத்துக்கு வெளியே அந்தத் தாளை வாசித்துவிட்டு நிற்கும் நூறு பேர், இரண்டும் வேண்டும்.

ஆகவே மாணவ நண்பர்களிடம் சில வேலைகளை ஒப்படைக்கிறோம். உங்கள் வார்டின் மன்றப் பொருள் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. கடந்த ஓராண்டின் தீர்மானங்களை எடுத்து, காலனிகளின் சாலை, கழிப்பறை, சுடுகாட்டுப் பாதை, குடிநீர்க் குழாய்க்கு எத்தனை, மற்ற தெருக்களுக்கு எத்தனை என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். 2024 இல் தமிழ்நாடு இயற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தை வைத்துக்கொண்டு, அந்த நிதி உங்கள் நகரத்தில் எங்கே போனது என்று கேளுங்கள். துப்புரவு ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, அந்தப் பணியாளர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஊராட்சி நகரோடு சேரப்போகிறது என்றால், அதற்கு முன் நடக்கும் கிராம சபையில் என்ன தீர்மானம் போடுவது என்று இப்போதே பேசுங்கள்.

திருவண்ணாமலை ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 இல் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். இதே மலைத்தொடரின் திருப்பத்தூர்ச் சரிவில் 2021 அக்டோபரில் தேர்வானவர்கள் அப்போதும் பதவியில் இருந்தார்கள். ஒரே மலை, ஒரு பக்கம் மக்கள் பிரதிநிதியின் கையெழுத்து, மறுபக்கம் அலுவலரின் கையெழுத்து. இந்த வேறுபாட்டைக் கவனித்துக் கணக்கு வைத்திருப்பவர்கள்தாம் நாளை மன்றத்துக்குள் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்களாக இருப்பார்கள். இன்று நாம் நினைவுகூரும் மூத்த தோழர்கள் நமக்கு விட்டுச்சென்ற வேலையும் இதுதான். அதைத் தொடர்வோம்.